மணல் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

கடற்கரைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்? வாசலிலேயே செருப்பைத் தட்டுவீர்கள். பையனின் டிராயர் பாக்கெட்டைத் திருப்பி உதறுவீர்கள். 'இவ்ளோ மண்ணையா அள்ளிட்டு வந்தே!' என்று முதுகில் ஒன்று வைப்பீர்கள். பிறகு அந்த மணலைப் பெருக்கிக் குப்பையில் கொட்டுவீர்கள். அத்தோடு மறந்தும் போவீர்கள்.

மறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். பையன் அள்ளியது அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஈர மணலாக இருந்தால், நீங்கள் பெருக்கித் தள்ளியது வெறும் மண் இல்லை. ஒரு குட்டி கிராமம். வீடு, வாசல், குடும்பம், குழந்தைகுட்டி எல்லாம் அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஒரு பூதக்கண்ணாடி சகிதம் குனிந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தேன்.

காட்டுப்பள்ளி தெரியுமில்லையா? எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே இருக்கும் மணல் திட்டு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் பழவேற்காட்டு ஏரியின் உப்பங்கழியும். வழி நெடுக கன்டெய்னர் லாரிகள். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இதையெல்லாம் தாண்டி, சுற்றுச்சுவர்களுக்கு இடையில் சந்து மாதிரி கொஞ்சம் கடற்கரை. சுண்டல் இல்லை, பலூன் சுடுவது இல்லை. பழவேற்காடு போகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு செல்போனில் படம் எடுத்துக்கொள்ளும் நாலு பையன்கள். அப்புறம் நான்.

குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த என்னை வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரமாகவே கவனித்திருக்கிறார். "இன்னா சார் தேடுறே? எதுனா தொலச்சிட்டியா?"

"இல்லிங்கய்யா. பூச்சி பாக்குறேன்."

"பூச்சியா?" என்று சிரித்தார். "மீன்தான் இல்ல. பூச்சியாவது கெடக்குதா பாரு!"

அவருக்கு நான் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

*

ஒரு டப்பா நிறையக் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். டப்பா நிறைந்துவிட்டது. ஆனாலும் குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது இல்லையா? கடற்கரை மணலும் அப்படித்தான். ஒவ்வொரு துகளும் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர். துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் கடல் நீர் நிற்கிறது. அந்தச் சந்துதான் வீடு.

குடியிருப்பது யார்? நூல் மாதிரி நெளியும் உருளைப் புழுக்கள்தான் அங்கே பெரும்பான்மைச் சமூகம். அடுத்தபடியாக, இறாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க ஹார்பாக்டிகாய்டுகள். வயிற்றில் முடி முளைத்த காஸ்ட்ரோட்ரிக்குகள். எட்டுக் கால்களோடு குண்டுக் கரடிக்குட்டி மாதிரி தத்தித் தத்தி நடக்கும் நீர்க்கரடிகள். கூட்டாக இவர்களுக்கு மெயோஃபானா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள். ஒரு மில்லிமீட்டர் ஓட்டை உள்ள சல்லடையில் இவர்கள் கீழே விழுந்துவிடுவார்கள். அதில் இருபதில் ஒரு பங்குதான் ஓட்டை என்றால் தங்கிவிடுவார்கள். அதுதான் இவர்களுடைய அடையாள அட்டை. நாம் மணல்வாசிகள் என்றே வைத்துக்கொள்வோம்.

எத்தனை பேர்? ஒரு சதுர மீட்டரில் லட்சக்கணக்கில். பத்து லட்சத்தைத் தொடுவதும் சகஜம். நீங்கள் பெட்ஷீட் விரித்துப் படுக்கும் இடத்துக்குக் கீழே ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகை!

ராத்திரி பகலாக அலை புரட்டிப் போடும் இடத்தில் எப்படிப் பிழைக்கிறார்கள்? பலருக்கு உடம்பிலேயே பசை டப்பா இருக்கிறது. அலை வந்தால் ஒரு சுரப்பி பசையைக் கக்கும். மணல் துகளோடு கப்பென்று ஒட்டிக்கொள்வார்கள். அலை போனதும் பக்கத்துச் சுரப்பி பசையை விடுவிக்கும் திரவத்தைக் கக்கும். கிளம்பிவிடுவார்கள். நம்மிடம் உள்ள பசைகள் ஒட்டத்தான் செய்கின்றன. நினைத்த நிமிஷத்தில் விடுவதில்லை.

இன்னொரு விஷயத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். மீன், நண்டு, சிப்பி எல்லாம் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டையிட்டு, குஞ்சுகளைக் கடல் நீரோட்டத்தில் அனுப்பிவைக்கும். ஏதாவது ஒன்று எங்கேயாவது கரை சேர்ந்தால் போதும் என்று. மணல்வாசிகளில் பலருக்கு அந்த வசதி கிடையாது. உடம்பு சின்னது, முட்டையும் கொஞ்சம். பிள்ளைகள் பிறந்த தெருவிலேயே வளர்ந்து அங்கேயே குடித்தனம் நடத்தும்.

இவர்களால் நமக்கு என்ன லாபம்? நான் பி.காம். படித்தவன். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மெட்ராஸுக்குக் குடிநீர் நிலையம் கட்டினார்கள். பெரிய பெரிய தொட்டிகளில் மணலைப் பரப்பி அதன் வழியே தண்ணீரை மெல்ல இறங்கவிட்டு வடிகட்டினார்கள். அந்த வேலையைத்தான் கடற்கரை காலம் காலமாகச் செய்துவருகிறது. ஒவ்வொரு அலையிலும் கொஞ்சம் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, வடிந்து, கடலுக்குத் திரும்புகிறது. கூடவே வந்த செத்த பாசி, அழுகிய மீன், இன்னபிற கசடுகளை மணலில் உள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அந்த பாக்டீரியாக்களை மேய்ந்து அளவாக வைத்திருப்பவர்கள் நம் மணல்வாசிகள். அவர்களைத் தின்பது யார்? கரையோரம் ஒதுங்கும் இறால் குஞ்சு, மீன் குஞ்சு. அவற்றைத் தின்பது யார்? அதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைக் கேளுங்கள்.

காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் என்று கணக்கு. மீஞ்சூர் ஆலை என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது அதைத்தான். அதற்குக் கரண்ட் பில் உண்டு. பக்கத்திலேயே வேலை பார்க்கும் மணலுக்கு பில்லும் இல்லை, சம்பளமும் இல்லை. அதனால்தான் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் அது ஏறவில்லை.

*

இவர்களை முதன்முதலில் மதித்து எண்ணியவர்கள் யார்?

1941-ல் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் பிளிமத் நகரத்தின் மேல் குண்டு மழை பொழிந்தன. அடுத்த வருஷம் அதே ஊரைச் சுற்றியுள்ள கடலடிச் சேற்றில் வாழும் பொடிப்பொடி ஜீவன்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எழுதியவர் மோலி மேர் என்ற பெண்மணி. ரொம்பப் பெரிசும் இல்லை, பாக்டீரியா மாதிரி ரொம்பச் சிறிசும் இல்லை, நடுவாந்திரமாக ஒரு கூட்டம் இருக்கிறதே, அதற்கு ஒரு பெயர் வேண்டுமே என்று யோசித்து அவர் வைத்த பெயரில்தான் 'மெயோ' என்ற கிரேக்கச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் பாருங்கள், அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நம் மெட்ராஸில் இந்த வேலை ஆரம்பமாகிவிட்டது. மெட்ராஸ் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆர்.கோபால அய்யர். அவரோடு கே.எச்.அலிகுன்ஹி. இருவரும் மெட்ராஸ் கடற்கரை மணலிலிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு புழுவைக் கண்டுபிடித்து 1940-ல் எழுதினார்கள். 1944-ல் இன்னும் சில புழுக்கள். அதில் ஒன்றுக்கு பாலிகோர்டியஸ் மெட்ராசென்சிஸ் என்று நாமகரணம் செய்தார்கள். 'மெட்ராஸ்காரன்' என்று அர்த்தம். 1996-ல் ஊர் சென்னை ஆகிவிட்டது. ஐகோர்ட்டும் பல்கலைக்கழகமும் பழைய பெயரை விடவில்லை. இந்தப் புழுவும் விடவில்லை.

மணல் புழுவை ஆராய்ந்த அலிகுன்ஹி பிறகு என்ன ஆனார்? 1957-ல் அவரும் ஹிராலால் சௌத்ரியும் சேர்ந்து, இந்தியக் கெண்டை மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்த சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். குளத்து மீன் வளர்ப்பையே புரட்டிப்போட்ட சமாச்சாரம் அது. இன்று மார்க்கெட்டில் கட்லாவும் ரோகுவும் குவிகின்றன என்றால் அந்த ஊசிக்கு அதில் பங்கு உண்டு. அந்தச் சோதனை வெற்றி பெற்ற ஜூலை 10-ம் தேதியைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 'புழுவைப் பார்த்து என்னய்யா புண்ணியம்?' என்று கேட்பவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

*

சரி, இதில் சுற்றுலா எங்கே வந்தது?

கடற்கரைக்கு விளையாடப் போவது நமக்குப் புதுசு இல்லை. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் சிற்றில் கட்டுவார்கள். நண்டைத் துரத்தி விளையாடுவார்கள். 'அலவன் ஆட்டுதல்' என்றே அதற்குப் பெயர். பத்துப் பெண்கள் விரட்டினால் நண்டு வளைக்குள் ஓடிவிடும். பத்தாயிரம் பேர் வந்தால்?

பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் கெஸ்கியரும் அவருடைய சகாக்களும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போலந்தில் ஹெல் என்ற நீண்ட மணல் திட்டு. இத்தாலியில் சான் ரொசோரே. இரண்டு ஊரிலும் கூட்டம் மொய்க்கும் கடற்கரையையும், அதன் பக்கத்திலேயே ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரையையும் ஒப்பிட்டார்கள். கூட்டம் வரும் கரையின் மேட்டு மணலில் ஆட்களும் குறைவு, ஜாதிகளும் குறைவு. இறாலின் ஒன்றுவிட்ட தம்பிகளைக் காணவே காணோம்.

ஏன்? காலால் மிதிப்பது ஒரு காரணம். மிதித்தால் மணல் இறுகும். சந்து குறையும். அதைவிட முக்கியம், சுத்தம் செய்வது. 'என்னது, சுத்தம் செய்வது தப்பா?' என்று சண்டைக்கு வராதீர்கள். பிளாஸ்டிக்கை எடுங்கள், பாட்டிலை எடுங்கள், கும்பிட்டு வரவேற்கிறேன். ஆனால் மணலைச் சலிக்கும் மெஷினுக்கு பாலிதீன் பையும் ஒன்றுதான், அலை ஒதுக்கிய பாசியும் ஒன்றுதான். நமக்கு அசிங்கமாகத் தெரியும் அந்தக் காய்ந்த பாசிதான் மணல்வாசிகளின் ரேஷன் கடை. சுத்தம் என்று நினைத்துக்கொண்டு கடையையே தூக்கிவிடுகிறோம்.

இன்னொரு ஆய்வு. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியாவுக்குப் பக்கத்தில் அசினாரா என்று ஒரு தீவு. 1885-ல் அரசாங்கம் அந்தத் தீவை எடுத்துக்கொண்டது. நோய்த் தடுப்பு முகாமும் கைதிகள் குடியிருப்பும் கட்டவேண்டும், எல்லாரும் காலி செய்யுங்கள் என்றது. 45 குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய் ஸ்டின்டினோ என்ற ஊரை உண்டாக்கினார்கள். தீவு ஜெயிலாகவே இருந்தது. 1985-ல் மாஃபியா கும்பல்களின் மேல் பிரம்மாண்டமான வழக்கு ஒன்றைத் தயார் செய்த நீதிபதிகள் ஃபால்கோனேயும் போர்செலினோவும் உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்து வேலை பார்த்தது இந்தத் தீவில்தான். 1990-களின் கடைசியில் ஜெயிலை மூடிவிட்டு தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் வெளியாள் கால் படாத கடற்கரை! விஞ்ஞானிகளுக்குக் கேட்கவா வேண்டும்? தொழிற்சாலை இல்லை, சாக்கடை இல்லை. பூங்காவானபின் வந்த சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான். அதுவும் சில கரைகளுக்கு அதிகம், சில கரைகளுக்குக் குறைவு. ஆக, மனிதக் காலடியின் விளைவைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அலெஹாந்த்ரோ மார்ட்டினெஸ் குழுவினர் அங்கே மணலை எடுத்து, டி.என்.ஏ. முறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டறிந்து, 2020-ல் எழுதினார்கள். ஆள் வரத்து அதிகமான கரையில், அலை வந்து நக்கும் விளிம்பில், மணல்வாசிகளின் வகைகள் அடிவாங்கியிருந்தன. ஆழத்துக்குப் போகப் போக பாதிப்பு குறைந்தது. நாம் கால் நனைக்கும் இடம் எதுவோ, அதுவேதான் அடி விழுந்த இடம்.

எதிர்க்கரையில் அந்த 45 குடும்பங்கள் உண்டாக்கிய ஸ்டின்டினோவில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? அங்குள்ள லா பெலோசா கடற்கரையில் கோடைக் காலத்தில் ஒரு நாளைக்கு 1,500 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பாய் விரிக்காமல் மணலில் வெறும் துண்டு விரித்தால் அபராதம். ஈரத் துண்டில் மணல் ஒட்டிக்கொண்டு போய்விடுமாம்!

இவ்வளவு சொன்னவன் நல்ல செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கெஸ்கியர் குழு பெல்ஜியத்தின் தெ பனே கடற்கரையில் மெஷினை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தது. உடனே மணல்வாசிகளின் எண்ணிக்கை சரிந்தது. ஆனால் அடுத்து கடல் ஏறி இறங்கியதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. எப்படி? ஏறி வந்த கடல் நீர் அடுத்தாற்போல் அடியில் இருந்த மணலிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

முன்னால் மனதில் குறித்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. இவர்கள் ரொம்ப தூரத்திலிருந்து வர மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வருவார்கள். பக்கத்து வீடு இருந்தால்!

*

இப்போது நம் ஊர்.

மெரினா கடவுள் கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் அது துறைமுகம் கொடுத்த வரம். நம் கரையோரமாக வருஷத்தில் பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே நீரோட்டம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருஷா வருஷம் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நடந்து போகிறது. 1876-ல் மெட்ராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அதைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கல் சுவர் குறுக்கே நின்றதும், நடந்து போன மணல் தெற்குப் பக்கமே நின்றுவிட்டது. கரை அகன்றது. அப்போதைய கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே அழகான நடைபாதை போட்டார். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ ஊர் மெரினா அவருக்கு ஞாபகம் வர, அதே பெயரை வைத்தார். இது நடந்தது 1880-களின் நடுவில்.

அக்கவுன்டன்சியில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம், ஒரு பக்கம் வரவு என்றால் மறு பக்கம் யாருக்கோ பற்று. மெரினாவில் வரவான மணல் யாருக்குப் போகவேண்டிய மணல்? ராயபுரத்துக்கு. திருவொற்றியூருக்கு. அங்கே மணல் வரத்து நின்றது, அலை நிற்கவில்லை. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. இன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால் மணல் தெரியாது, மலை மலையாகக் கருங்கல்தான் தெரியும். நகரத்தின் உல்லாசம் தெற்கே ஏறியது. அதற்கான செலவை வடசென்னையின் பெயரில் எழுதினார்கள்.

மெரினாவின் குடித்தனக்காரர்கள் கதி என்ன? 2004 சுனாமிக்குப் பிறகு நியூ காலேஜின் அல்தாஃபும் சகாக்களும் மெரினா மணல்வாசிகளுக்கு ஏற்பட்ட பாதிப்பை ஆராய்ந்து 2005-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தப் பேரலை என்றோ ஒரு நாள் வந்தது. காணும் பொங்கல் வருஷா வருஷம் வருகிறது. லட்சக்கணக்கில் ஜனம். மறுநாள் டன் கணக்கில் குப்பை. அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று போலீஸ் கட்டை கட்டித் தடுக்கிறதே, தங்களுக்கே தெரியாமல் சில கோடி ஜீவன்களுக்கும் பந்தோபஸ்து கொடுக்கிறார்கள்! 2021-ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. மெரினாவின் ஒரு பகுதியையும் அந்தத் தரத்துக்குக் கொண்டுவர வேலை நடந்தது. சந்தோஷம். ஆனால் மணல் சலிக்கும் மெஷின்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதுவரை ஓடலாம் என்று மணலுக்குள் இருப்பவர்களையும் கணக்கில் வைத்து யாராவது முடிவு செய்தால் இன்னும் சந்தோஷம்.

மெரினாவுக்கும் 1,500 பேர் என்று வரம்பு வைக்கலாமா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்ட்டினெஸ் குழு ஆள் வரத்தைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அது அசினாராவுக்குச் சரி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக முடியாத ஜனத்துக்கு மெரினாதான் ஊட்டி. அதைப் பூட்டக்கூடாது. அப்படியானால் வேறு வழி ஒன்றுதான். மெரினாவை மிதிக்கிற ஊர், மிதிபடாத மணல் கொஞ்சத்தையாவது கையிருப்பில் வைத்திருக்கவேண்டும். பாங்கில் ரிசர்வ் வைப்பதில்லையா, அதுபோல.

*

அந்தக் கையிருப்பு எங்கே இருக்கிறது? இப்போது காட்டுப்பள்ளிக்குத் திரும்புவோம்.

ஒரு காலத்தில் எண்ணூர்தான் வெள்ளைக்காரர்களின் உல்லாசபுரி. கம்பெனி துரைகள் வாரக் கடைசியில் உப்பங்கழியில் படகு விடவும் மீன் பிடிக்கவும் வந்தார்கள். பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். அந்த எண்ணூர் போயே போய்விட்டது. அனல் மின் நிலையங்கள் வந்தன. 2001-ல் எண்ணூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பின்னால் அதற்குக் காமராஜர் பெயர் வைத்தார்கள். அதற்கு வடக்கே எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-ல் வந்தது. 2018-ல் அதானி குழுமம் அதை வாங்கியது. நடுவில் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்களை இடம் மாற்றிக் குடியேற்றினார்கள்.

அசினாராவில் ஜெயிலுக்காக ஊரைக் காலி செய்தார்கள். இங்கே துறைமுகத்துக்காக. ஜெயில் இருந்தவரை அங்கேயும் சுற்றுலாப் பயணி உள்ளே வர முடியவில்லை, இங்கேயும் ரொம்பப் பேர் வருவதில்லை. அப்படியானால் காட்டுப்பள்ளி மணல் அசினாரா மணல் மாதிரி செழித்திருக்க வேண்டுமே?

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சுற்றுலாப் பயணி மணலை மிதிக்கிறான். சுத்தம் என்ற பெயரில் சுரண்டுகிறான். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுகிறான், மணல் அங்கேயே கிடக்கிறது. கல் சுவரோ மணலையே வரவிடாமல் செய்கிறது. ஒவ்வொரு துறைமுகச் சுவரும் தெற்கே ஒரு குட்டி மெரினாவையும் வடக்கே ஒரு குட்டி ராயபுரத்தையும் உண்டாக்குகிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. வீடே போனபிறகு குடித்தனக்காரன் எங்கே போவான்?

போதாதற்கு 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல்கள் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. கொட்டிய எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளியதை டி.வி.யில் பார்த்தோம். பாறையில் ஒட்டியதை அள்ளலாம். மணல் சந்தில் இறங்கியதை எந்த வாளியால் அள்ளுவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தையே கறுப்பாக்கியது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை சுமார் 6,000 ஏக்கருக்கு விரிவாக்க ஒரு திட்டம் போடப்பட்டது. அதில் ஒரு பெரும்பகுதி கடலையே தூர்த்து நிலமாக்குவது. மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021-லும் 2023-லும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். இரண்டு முறையும் கூட்டம் நடக்கவில்லை. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கும் கன்டெய்னரில் வந்த சாமான்கள்தான் வீடு முழுக்க இருக்கின்றன. ஆனால் ஒரு பாலன்ஸ் ஷீட்டில் சொத்துகளில் ஒன்றை எழுதவே இல்லையென்றால், அந்த பாலன்ஸ் ஷீட் என்ன லாபம் காட்டினாலும் நம்பக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே இருப்பது இந்த மெல்லிய மணல் திட்டு ஒன்றுதான். அதை மணல் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். வடிகட்டி என்று எழுதவில்லை, இறால் குஞ்சின் சாப்பாட்டுக் கூடம் என்று எழுதவில்லை.

நீங்களும் நானும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அடுத்த முறை கடற்கரையில் கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். கடல் ஒதுக்கிய பாசியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஈர மணலில் பைக் ஓட்டுகிற தம்பிகளைக் கொஞ்சம் அதட்டுங்கள். ஆள் இல்லாத கடற்கரையைப் பார்த்தால் 'சும்மாதானே கிடக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இத்தனை கதையையும் கேட்ட காட்டுப்பள்ளிப் பெரியவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "இறா குஞ்சு இந்த ஓரமாத்தான் மேயும். எங்கப்பன் காலத்துலேர்ந்து பாக்குறோம். இன்னாத்தத் துன்னுதுன்னு இப்பதான் தெரியுது."

பூதக்கண்ணாடியை வாங்கி ஈர மணலை ஒரு பிடி அள்ளி வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. அதைவிட வலுவான கண்ணாடி வேண்டும். அள்ளிய மணலை உதறிவிடாமல், குனிந்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அப்போ அதுங்களுக்கும் பட்டா இல்லேன்னு சொல்லு" என்றார்.